கூப்பிட்டால் காரியத்தைச் சொல்

காலை ஏழரை மணிக்குச் சுன்னாகத்தில் இறங்கினேன். கொழும்பிலிருந்து இரவு முழுவதும் ரயிலில் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு விட்டுப் போயிருந்தது. பண்டத்தரிப்புக்கு இன்னும் ஆறு மைல். மாட்டுவண்டிக்கார முருகேசு அரை ரூபாய் கேட்டார். பேரம் பேச மனமில்லை. அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு மாதமாகிறது, இப்போது வாயே திறப்பதில்லை என்று தகவல் வந்திருந்தது.

"சங்கீத வகுப்பு நடத்தின அம்மாவின்ரை தம்பியோ நீங்கள்?" என்றார் முருகேசு, கந்தரோடை தாண்டியதும். "அவ ஒருக்கா இந்த வண்டியாலை இறங்கி நடந்தவ, ஐயா. மாடு நிண்டுட்டுது. 'பிள்ளையாராணை, இனி நிக்காது அம்மா' எண்டன். பிறகும் நிண்டுட்டுது. 'உம்மடை சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பொய்யனாக்கிப்போட்டீரே' எண்டு கேட்டுட்டு நடக்கத் துவங்கிட்டா."

"கோபம் வந்ததோ உமக்கு?"

"வெக்கம்தான் வந்தது. அதுக்குப் பிறகு மாட்டுக்காக நான் ஆணை வைக்கிறேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவேதான். சிறுவயதில் என் பந்து கிணற்றில் விழுந்தபோது "கர்த்தாவே!" என்று கத்திவிட்டேன். காதைப் பிடித்து நிறுத்தினாள். "பெரிய மனுசரைக் கூப்பிட்டுப்போட்டுச் சும்மா நிப்பியோ? கூப்பிட்டால் காரியத்தைச் சொல்." கண்ணை மூடி, பந்துக்காக முழு ஜெபம் பண்ணி, ஆமென் சொன்ன பிறகுதான் காதை விட்டாள். அத்தானுக்கும் அதே சட்டம்தான். கலப்பையில் கால் இடித்து அந்தப் பெயரைச் சொன்ன மனிதர், ஒற்றைக் காலில் நின்றபடி தன் பெருவிரலுக்காக ஜெபம் பண்ணியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒன்பதரைக்கு வீடு வந்து சேர்ந்தேன். அக்கா விறாந்தையில் சாய்கதிரையில் இருந்தாள். வலது கை அசைவில்லாமல் மடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் கண் நிறைந்தது. உதடுகளை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

மகள் ரூத் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சொன்னாள். "ஒரு சொல்லுத்தான் மாமா மிஞ்சியிருக்கு. 'கர்த்தாவே' எண்டு மட்டும். முதல்நாள் அம்மா ஜெபம் பண்ணுறா எண்டு நினைச்சம். பிறகு தண்ணிக்கும் அதுதான், கோழியைக் கலைக்கவும் அதுதான், அப்பாவை ஏசவும் அதுதான். தன்ரை வாயாலை வாறதைத் தானே கேட்டுப்போட்டு அழுதா. அண்டைக்கு வாயை மூடினவதான். பசிச்சாலும் கேக்கமாட்டா."

"டாக்குத்தர் என்ன சொன்னவர்?"

"கதைச்சுக் கதைச்சுத்தான் மற்றச் சொல்லும் வருமாம். இப்பிடியே விட்டால் உள்ளதும் போயிடுமாம்."

போதகர் வந்து, ஆண்டவர் இதைக் குற்றமாக எண்ணமாட்டார் என்று சொல்லிப் பார்த்தாராம். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாளாம். ஆயுள் முழுவதும் அந்தப் பெயரைக் கைகூப்பி மட்டுமே சொன்னவள் கோழி கலைக்க அதைச் சொல்வாளா? கொழும்பிலிருந்து பிஸ்கோத்துப் பெட்டியும் பழமும் கொண்டுவந்திருந்தேன். அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பின்னேரம் நாலு மணி இருக்கும். முற்றத்தில் பாயில் மிளகாய் காய்ந்தது. நான் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து கந்தோர் வேலைக் கதைகள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பேட்டுக்கோழி பாயில் ஏறிக் கிளறத் தொடங்கியது. அக்காவுக்கு நிதானம் தப்பிவிட்டது.

"கர்த்தாவே!"

சொன்ன மறுகணமே இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல்களுக்குமேல் வழிந்தது. மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த அத்தான் நிமிர்ந்து பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றினார். வைக்கோலோடு நின்றபடியே கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, உந்தக் கோழி எங்கடை மிளகாயைக் கிளறுது. இவவாலை எழும்பிக் கலைக்க ஏலாது. எனக்கும் இவ்வளவு நேரமும் கண் தெரியேல்லை. மன்னியும். ஆமென்."

பிறகு ஓடிப்போய்க் கோழியைக் கலைத்தார். திரும்பி வந்து கதிரைக்கு முன்னால் குந்தினார்.

"நீர் போட்ட சட்டம்தானே? கூப்பிட்டால் காரியத்தைச் சொல்லவேணும். நீர் கூப்பிடும். காரியத்தை நாங்கள் சொல்லுறம்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து கை மெல்ல இறங்கியது. பாதிமுகத்தால் சிரித்தாள். ரூத் குசினி வாசலில் நின்று விம்மி அழுதாள்.

தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அக்கா மெதுவாக, தலைகுனிந்து, "கர்த்தாவே" என்றாள். "அம்மாவுக்குச் சீனி காணாதாம், ஆமென்" என்றாள் ரூத். அக்கா தலையாட்டி மறுத்தாள். "சூடு கூடிப்போச்சு, ஆமென்" என்றேன். அதுவும் இல்லை. கோப்பையை என் பக்கம் நீட்டினாள். தம்பிக்கு யாரும் தேத்தண்ணி கொடுக்கவில்லை என்பதுதான் காரியம். அதற்கும் அத்தான் ஒழுங்காக ஜெபம் பண்ணினார். அன்று இராச்சாப்பாட்டுக்குள் அந்த வீட்டில் நடந்த ஜெபங்களுக்குக் கணக்கில்லை.

மூன்றாம் நாள் காலை முருகேசு வண்டியோடு வந்தார். அக்காவைத் தாங்கிப்பிடித்துப் படலை வரை கொண்டுவந்தோம். என் கையை எடுத்துத் தன் இடது கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கர்த்தாவே" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொடங்கப் பார்த்தேன், முடியவில்லை. ரூத்தாலும் முடியவில்லை. அத்தான் மாட்டின் கழுத்துக் கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டார். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கூப்பிட்டாயிற்று, காரியம் சொல்ல ஆளில்லை.

பெட்டி ஏற்றும்போதே ரூத்திடம் விசயத்தைக் கேட்டறிந்திருந்த முருகேசு தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். கைகூப்பினார்.

"கர்த்தாவே, இந்த ஐயாவைச் சுகமாய்க் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இந்த அம்மாவைப் பாக்கத் திரும்பவும் கூட்டிக்கொண்டு வாரும்." கொஞ்சம் யோசித்தார். "மாடும் வழியிலை நிக்காமல் இருக்கவேணும்."

கண்ணைத் திறந்து, "சரியோ அம்மா?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். ஆமென் மட்டும் நாங்கள் சொன்னோம்.

ரயிலில் எனக்கு எதிரே இருந்த கொழும்புக் கனவான் காற்சட்டையில் தேநீரை ஊற்றிக்கொண்டு, "மை காட்!" என்றார். அவர் காரியத்தைச் சொல்லட்டும் என்று என்னையறியாமல் காத்திருந்தேன். அவர் கைக்குட்டையைத் தேடினார். என் கந்தோரில் நானும் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அப்படிச் சொல்கிறேனோ! யன்னல் பக்கம் திரும்பி, "கர்த்தாவே, என்ரை அக்கா" என்று தொடங்கினேன். காரியத்தை முழுவதும் சொல்லி முடிக்க அனுராதபுரம் வந்துவிட்டது.