மாஸ்க் இல்லாமல் நின்ற படம்

பட்டுப்புடவையைப் படமெடுத்துப் பிழைக்கிறவனுக்குப் பொய் சொல்லாமல் ஒரு நாளும் ஓடாது. கடைக்காரர்கள் அரக்குக் கலரை ரத்தச் சிவப்பாக்கு, ஜரிகையை மின்ன விடு என்பார்கள், ஆக்குவேன், விடுவேன். அந்த அலுப்பில்தான், ஆரணியில் வியாபாரம் மந்தமாகும் மாதங்களில் அணு உலை, அணுகுண்டு வெடித்துப் பார்த்த இடம் என்று ஊர்சுற்றக் கிளம்புவேன். அங்கேயாவது உள்ளதை உள்ளபடி எடுப்பது என்று ஒரு வீம்பு. யாருக்கும் புரியாத ஆசை ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டாருக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனவர்களுக்கு என் கஷ்டம் தெரியும். என் விஷயம் முற்றிப்போய், தங்கை மகளைக் காதுகுத்துக்கு என் மடியில் உட்கார வைப்பதா வேண்டாமா என்பதில் வந்து நின்றது.

கடலோரத்து அணுமின் நிலையம்

முதலில் போனது பக்கத்தில்தான், கடலோரத்தில். படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே போர்டு. கூடாது என்றால் கூடாது, கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஊருக்குள் திரும்பி வந்து, ஷிப்ட் முடிந்தவர்கள் டீ குடிப்பதையும் ஓர் அம்மா மீன் விற்பதையும் எடுத்தேன். எனக்கு அதுதான் அந்த ஊர்.

ஆசையாகக் கொண்டுவந்து, வழக்கமாக வேலை கொடுக்கும் புடவைக்கடை முதலாளியிடம் போனில் காட்டினேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்கு நம்ம செய்யாறு பஸ் ஸ்டாண்டையே எடுத்திருக்கலாமே, பஸ் காசாவது மிச்சம்."

பொம்மை

போன வருஷம் கஜகஸ்தான். சோவியத் காலத்தில் குண்டு வெடித்துச் சோதித்த வெட்டவெளிக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள். கைடு கதிர்வீச்சுக் கருவியைக் காட்டி, நாங்கள் நிற்கும் இடத்தில் பயமில்லை, காலுக்கு உறை மாட்டினால் போதும் என்றார். சொல்லிவிட்டு வண்டியிலிருந்து ஒரு பழைய பட்டாளத்து விஷவாயு மாஸ்க்கையும் ஒற்றைக்கண் பொம்மையையும் எடுத்து வந்தார். மாஸ்க் எனக்காம், பொம்மையை உடைந்த கான்கிரீட் மேல் உட்கார வைப்பாராம். வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

அந்தப் பொட்டலில் எந்தக் குழந்தையும் பொம்மை வைத்து விளையாடவில்லை. இரண்டையும் வேண்டாம் என்றேன். காற்றில் சாயும் புல், தூரத்தில் மேயும் குதிரைகள், கான்கிரீட் தூண், வெறும் முகத்தோடு நான், இவ்வளவுதான் படம். கைடு தன் மொழியில் எதையோ போனில் பேச, அது மொழிபெயர்த்து இங்கிலீஷில் என்னைக் கேட்டது: "மாஸ்க் வேண்டாம், பொம்மை வேண்டாம். பிறகு எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய்?"

சாம்பல் கலர்

என் ஸ்டுடியோவில் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துகிற சுமதிக்கும் இதே குறைதான். "இன்னாண்ணா, எல்லாம் பச்சப்பசேல்னு கீது. கொஞ்சம் சாம்பலாக்கிடட்டா? இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

தாய்மாமன் மடி

நம்பினார்கள், அதுதான் வினை. சேவூரில் இருக்கும் என் தங்கை கவிதாவின் மாமியார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "மூஞ்சில ஒண்ணுமே போடாம நின்னுகினு கீறாரு" என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். கதிர்வீச்சு என் மேல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், குழந்தையை என் மடியில் வைக்க வேண்டாம், எங்கள் பெரியப்பா மகன் வைத்துக்கொள்ளட்டும் என்று பேச்சு. தங்கை வீட்டுக்காரர் நல்ல மனிதர், வழி சொன்னார்: புடவைக்கே கலர் மாற்றுகிறவர், படத்தில் ஒரு மாஸ்க் போட்டு அனுப்பினால் அம்மா அடங்கிவிடுவார்.

போட்டிருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிறந்த அன்றே தூக்கிய குழந்தை இனி எனக்கில்லையோ என்று நொந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

காதுகுத்தன்று கோயிலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். யார் மடி என்பது அப்போதும் முடிவாகவில்லை. கவிதா நேராக மாமியாரிடம் போனாள். "பொய் சொல்ற ஆளா இருந்தா படத்துல ஒரு மாஸ்க்க மாட்டி அனுப்பியிருப்பாரு அத்தே. ஒண்ணும் ஆவலன்னு எங்கண்ணன் சொன்னா ஆவலதான். கொழந்தைய குடுங்க."

மாமியார் ஒரு துண்டை நாலாக மடித்து என் மடியில் விரித்தார், அதன்மேல் குழந்தையை உட்கார வைத்தார். தங்கை வீட்டுக்காரர் எடுத்த படத்தில் அந்தத் துண்டும் தெரிகிறது. உள்ளதை உள்ளபடி எடுப்பவன் என்று பெயர் வாங்கித் தொலைத்ததால், அதை வெட்டாமல்தான் பிரேம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.