பெட்டிக்குப் பின்னால் வைத்த பொத்தான்

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் நான் செல்போனைத்தான் எடுப்பேன். என் கணவரின் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால். அடிக்கத் தொடங்கியதும் துண்டித்துவிட்டு, போனை மேஜைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால் திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் காசை மிச்சம் பிடிக்க ஊரே மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தது. ரயில் ஏறிவிட்டேன், பால் வாங்கி வா, கீழே நிற்கிறேன், கதவைத் திற என்று வீட்டுக்கு வீடு ஒரு அர்த்தம். எங்கள் வீட்டில் அதற்கு, இருக்கிறாயா, இருக்கிறேன் என்று அர்த்தம். அதை நாங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

அவர் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல்களுக்கு டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். உப்புக் காற்று அடிக்கிற இடம். அறைக்கு அறை டிவி இருக்கும், உள்ளே போர்டில் செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். அதனால் வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு மழை நாளில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குத் திரும்பும்போது வண்டி சறுக்கி, வலது தோள் தரையில் மோத விழுந்தார். காயம் ஆறிவிட்டது. தோளிலிருந்து கைக்குப் போகிற நரம்பு மட்டும் ஒட்டவில்லை. அந்தக் கை வெறும் சட்டைக்கையைப் போலத் தொங்கியது.

மாமியார் கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு நடவு வந்ததும் ஊருக்குப் போய்விட்டார். நான் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சோதிக்கிற வேலையில் இருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர்கள், அவர் எனக்கு சீனியர். இனிமேல் என் சம்பளம்தான் குடும்பம். காலையில் அவரைத் தனியாக விட்டுவிட்டு ரயிலேறினேன்.

எங்கள் வாடகை வீடு மாடியில். பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரி. வீடு பார்க்க வந்தபோது அந்த ஜன்னலுக்காகவே அட்வான்ஸ் கொடுத்தோம். விபத்துக்குப் பிறகு அவர் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒரு சாயங்காலம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்.

"நான் இல்லாம பூட்டா உனக்கு இன்னா கொறைஞ்சுடப் போவுது?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கோபத்துக்குக் குறைச்சலே கிடையாது. வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டார். மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அவரிடம் நிறைய நேரம் பேசினார், மாத்திரை எழுதினார், என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவரைத் தனியாக விடாதீர்கள் என்றார். நான் தலையை ஆட்டினேன். வேலைக்குப் போகாவிட்டால் உலை வைக்க முடியாது என்பதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? மாத்திரையை வேளாவேளைக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். கீழ்வீட்டு அக்காவிடம் அடிக்கடி ஒரு எட்டு போய்ப் பார்க்கச் சொல்லிவைத்தேன். அந்த மிஸ்டு கால் பழக்கமும் அந்த வாரம்தான் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய பழைய டிவி கேம் கிடைத்தது. தொண்ணூறுகளில், படிக்கிற காலத்தில், பர்மா பஜாரில் வாங்கியது. கேசட்டை நாலு தடவை ஊதிச் செருகினால் ஓடும். நான்தான் டிவியில் மாட்டினேன். அவர் வேண்டாவெறுப்பாக ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு இடது கட்டைவிரலால் விமானத்தை நகர்த்தினார். அது சொன்னபடி கேட்டது. ஆனால் சுடுகிற பொத்தான் வலது கைக்கு உரியது. சுடாத விமானம் எவ்வளவு நேரம் தாங்கும்? அவர் எழுந்து மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டார்.

ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் அவர் ஏரியைப் பார்க்கவில்லை. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவர் கண்ணுக்கு வேறு வேலை வேண்டும். ஒரு கையும் இரண்டு காலும் போதும் என்கிற மாதிரி ஒரு ஜாய்ஸ்டிக்கை நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சொல்வது சுலபம். தொழிற்சாலையில் என் கைக்கு வருகிற போர்டெல்லாம் மிஷின் செய்து அனுப்புவது. நான் அதைச் சோதித்து முத்திரை குத்துவதோடு சரி. சொந்தமாக ஒரு போர்டை வரைந்து, அரித்து, துளை போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. பழைய ஜாய்ஸ்டிக்கைத் திறந்து பார்த்தேன். ஐந்தே ஒயர்தான். உள்ளே இருக்கிற சில்லுக்கு ஒரே வேலை, எந்தெந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது என்று வரிசையாக டிவி கேமுக்குச் சொல்வது. அதே வேலையைச் செய்கிற ஐசி சென்னையில் எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் கிடைக்கும். திசைக்கு நாலு பொத்தான் இடது கைக்கு, ஒரு சின்னப் பெட்டியின் மேல். சுடுவதற்கும் குண்டு போடுவதற்கும் இரண்டு காலிங்பெல் சுவிட்ச், காலுக்கு ஒன்றாக ஒரு மரப்பலகையில். ஆட்டத்தைத் தொடங்குகிற பொத்தானை ஒரு தடவைதானே அழுத்தப் போகிறார் என்று பெட்டியின் பின்பக்கம் தள்ளிவிட்டேன். இடம் மிச்சமானதில் அப்போது எனக்குப் பெருமை.

ரிச்சி தெருவில் ஐசியும் செம்புத் தகடு ஒட்டின பலகையும் வாங்கினேன். செம்பை அரிக்கிற பெரிக் குளோரைடு ஒரு டப்பாவும் வாங்கினேன். கடைக்காரர் அதை எடுத்துக் கொடுக்கும்போது, வீட்டுல ஜாக்கிரதையா வெச்சுக்கம்மா, வெசம் என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான். ஆனாலும் செங்கல்பட்டு வரைக்கும் ரயிலில் பையை மடியில் இறுக்கிக்கொண்டே வந்தேன். அவருக்காகத்தான் வாங்கினேன், ஆனால் அவர் இருக்கிற வீட்டில் அதை எங்கே வைப்பது? எந்த அலமாரியும் சரியாகப் படவில்லை. கடைசியில் பழைய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். தினமும் அது என்னோடு வேலைக்கு வந்தது, என்னோடு வீட்டுக்குத் திரும்பியது. கூட வேலை செய்தவர்கள் பையில் என்ன புதையலா என்று கேலி செய்தார்கள்.

அடுத்த ஞாயிறு மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டேன். காகிதத்தில் வரைந்திருந்த படத்தைக் கார்பன் வைத்துச் செம்பின்மேல் ஏற்றி, கோடுகளை நகப்பாலிஷால் இழுத்தேன். பாலிஷ் மூடின இடம் தப்பிக்கும், மற்ற செம்பெல்லாம் கரைந்துவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் எழுந்து போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் அவர் தலை தெரிகிறதா? தெரிகிறது. திரும்பி வந்து அடுத்த கோடு. பலகையைப் பெரிக் குளோரைடு கரைத்த பழுப்புத் தண்ணீரில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோதும் காது கீழேயே இருந்தது. வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து, தோட்டத்து மூலையில் ஆழமாகக் குழி தோண்டி ஊற்றி மூடினேன். மண்ணை மிதித்து மிதித்து அமுக்கினேன். பலகையைக் கழுவித் துடைத்து வெயிலில் பிடித்தேன். செம்புக் கோடுகள் பளபளவென்று இருந்தன.

கீழே கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். பெருமை அடித்துக்கொள்ளத்தான். அவர் இடது கையால் எடுத்து, திருப்பி, மறுபடி திருப்பினார். டிவி போர்டைப் பார்க்கிற அந்தப் பழைய பார்வையை நான் பார்த்து மாதக் கணக்காகியிருந்தது.

"இது கண்ணாடில பாக்குற மாதிரி கீது," என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மேலிருந்து பார்க்கிற மாதிரி படம் வரைவோம், செம்பு இருப்பது பலகையின் அடியில். அதனால் படத்தை இடம் வலமாகத் திருப்பித்தான் ஏற்ற வேண்டும். முதல் வருடமே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பது. நான் திருப்பவில்லை. ஐசியை அப்படியே சொருகியிருந்தால் கரண்ட் போகக்கூடாத கம்பிக்காலில் போயிருக்கும், ஐசி புகைந்திருக்கும், அதோடு அந்த டிவி கேமும் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்த வீட்டில் இன்னொன்று கெட்டுப்போவதை நினைத்ததுமே எனக்கு அழுகை முட்டியது. மறுபடியும் ரிச்சி தெரு, மறுபடியும் அந்த டப்பா என்று மனசு கணக்குப் போட்டது.

"பயந்துகினே வரைஞ்சா இப்பிடித்தான் வரும்," என்றார் அவர். போர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த டப்பாவ தெனம் பையில தூக்கினு போனியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பயப்படாம? நீங்க பேசின பேச்சுக்கு நான் பயப்படாம டான்ஸா ஆடுவேன் என்று கத்தினேன். வேலை செய்கிற இடத்தில் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்குகிறதா என்று கேட்டேன். ஏரிப் பக்கம் திரும்பவே பயமாக இருக்கிறது என்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். நான் மூச்சு வாங்கி நின்ற பிறகு, அவர் போர்டை என் பக்கம் நீட்டினார்.

"ஐசிய செம்புப் பக்கமே குந்த வெச்சிப் பத்தவை. சரியாப் பூடும்."

சரிதான். திருப்பி வந்த கோட்டுக்கு ஐசியையும் மறுபக்கம் உட்கார வைத்துவிட்டால் கால்கள் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். ஒரு கையில் ஈயக்கம்பி, ஒரு கையில் சூட்டுக்கோல், போர்டைப் பிடிக்க இன்னொரு கை வேண்டும் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் சரியாக மூன்று கை இருந்தது. அவர் பிடித்துக்கொண்டார், நான் பற்றவைத்தேன். ஒரு இடத்தில் ஈயம் அதிகமாகிவிட்டது என்று திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

டிவி கேமில் செருகி சுவிட்சைப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். புகை வாசனை வருகிறதா என்று மூக்குதான் முதலில் பார்த்தது. வரவில்லை. அவர் வலது காலை அழுத்தினார், விமானம் சுட்டது. அவர் சிரித்தார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். நாற்காலியை இழுத்து டிவிக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்தது. மிஸ்டு கால் கொடுத்தேன். திரும்பி வரவில்லை. மறுபடி கொடுத்தேன். வரவில்லை. இந்தத் தடவை துண்டிக்காமல் அடிக்கவிட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. கீழ்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டால் அந்த அக்கா கோயிலுக்குத் திருக்கழுக்குன்றம் போயிருக்கிறாராம், இப்போதுதான் மலை ஏறிக்கொண்டிருக்கிறாராம். சூப்பர்வைசரிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, போம்மா போ என்றார்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் வந்தது, ஏறினேன். சிங்கப்பெருமாள்கோயில், பரனூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அது நின்றபோதெல்லாம் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. போனை அழுத்திக்கொண்டே இருந்தேன். பரனூர் தாண்டினால் தண்டவாளத்தை ஒட்டி ஏரி வரும். அந்த வருடம் நல்ல மழை, கரை தளும்பத் தண்ணீர். வண்டியில் எல்லோரும் காற்றுக்காக அந்தப் பக்கம் திரும்பினார்கள். நான் கீழே குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியில் எதையாவது பார்த்துவிடுவேனோ என்கிற பயம். டப்பாவைப் பையில் வைத்துக் காவல் காத்தேனே, ஏரியை எந்தப் பையில் வைப்பது? கரையில் கூட்டமாக நின்று யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வேன்? அந்தத் தண்ணீர் முடியவே முடியாது போலிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேனோ தெரியாது. மாடிப்படியில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததை எடுக்கவில்லை. கதவு உள்ளே தாழ் போடாமல் சாத்தியிருந்தது. அதில் கையை வைத்தபோது உள்ளே விமானம் சுடுகிற சத்தம் கேட்டது. டிவியை ஓடவிட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்று அப்போதும் ஒரு பயம். தள்ளித் திறந்தேன்.

அவர் பனியனெல்லாம் வேர்த்து ஊறி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை பெட்டிமேல், இரண்டு காலும் பலகைமேல். செல்போன் ஜன்னல் விளிம்பில் கிடந்து வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. என் விரல் இன்னும் அதே நம்பரை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

"அடிச்சிகினேதான் இருந்திச்சி," என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குக் கை ஒழியல."

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் அழுகைச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். விமானம் என்ன ஆயிற்றோ, எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நிறுத்திவிட்டு போனை எடுப்பதற்கு என்ன கேடு என்று கேட்டேன். ஆட்டத்தைத் தொடங்குகிற பொத்தானேதான் அதை நிறுத்திவைக்கவும் செய்யும். அந்தப் பொத்தானை நீதானே பெட்டிக்குப் பின்னால் வைத்தாய், கையை எடுத்துப் பெட்டியைத் திருப்பினால்தான் எட்டும் என்றார். உண்மைதான். ஆட ஆரம்பிப்பார் என்று பார்த்தேனே தவிர, ஆட்டத்தை விட மனசில்லாமல் இருப்பார் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு இன்னொரு போர்டு செய்தோம். இந்தத் தடவை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, திருப்பு, திருப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் இழுத்த கோடு அந்தப் பொத்தானுக்குத்தான். அதை அவருடைய இடது குதிகாலுக்கு அடியில் வைத்தோம்.

திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் மிஸ்டு கால் கொடுத்தேன். உடனே பதில் வரவில்லை. போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தேன். பாதிச் சாப்பாட்டில் போன் ஒரு தடவை அடித்து நின்றது.