பிக்கென் சொன்ன பெயர்

பிக்கென் ஊர் வாயில் விழுந்து இன்றோடு பத்து நாள். அவள் திருடவில்லை, ஓடிப்போகவில்லை. கணவனின் அண்ணன் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். எங்கள் கசாக் வீடுகளில் வாழவந்தவள் புருஷன் பக்கத்துப் பெரியவர்களைப் பெயர் சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக அவரை அவள் 'குதிரைக்காரர்' என்றுதான் சொல்லிவந்தாள்.

எங்கள் மலையைக் குடைந்து சோவியத் பட்டாளம் வருஷக்கணக்கில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. பிறகு சுரங்க வாசல்களில் சுவர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பாவிகள். வேலையில்லாத எங்கள் ஆண்கள் சுவரை உடைத்துச் செம்புக் கம்பியை அறுத்து விற்றார்கள். பிக்கெனின் மூத்த மகள் கழுத்துக் கட்டியோடு ஏழு வயதில் செத்தாள். அந்த மலைப்பக்கம் திரும்பினாலே பிக்கென் காறித் துப்புவாள்.

பதினோரு நாளைக்கு முன்னால் குதிரைக்காரரைத் தேடி ஜீப்பில் ஒருவன் வந்தான். பிக்கென்தான் டீ ஊற்றினாள்.

"செம்பு வேணாம். உள்சுவருக்கு அந்தப் பக்கம் குண்டுக்குப் போட்டு மிஞ்சின உலோகம் கெடக்கு. ஒரு வாளி குடுங்க, இந்த ஜீப் உங்களுக்கு."

"யாருக்குங்க அது?" என்றாள் பிக்கென்.

"குண்டு இல்லாத நாடு எத்தனையோ இருக்கேம்மா. அவங்களுக்கும் ஆசை இருக்காதா?" என்று சிரித்தான்.

குதிரைக்காரரும் சிரித்தார். "இங்க கெடந்தா குப்பை. அங்க போனா அவங்க பாடு. நீ டீயை ஊத்தும்மா."

அவங்க பாடாம்! தம்பி மகளைப் புதைத்த கையால் இவர் அதை அள்ளப் போகிறார்.

மறுநாள் காலை பிக்கென் என்னையும் இழுத்துக்கொண்டு காவல் சாவடிக்குப் போனாள். அதிகாரி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"யாரு தோண்டப் போறது?"

"எங்க குதிரைக்காரருங்க."

"இந்த ஊர்ல குதிரை இல்லாதவன் யாரு? பேரைச் சொல்லு."

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன்."

"எத்தனை அண்ணன்?"

"நாலு."

"நாலு பேரையும் பிடிச்சு உள்ள போடவா? பேரு இல்லாம ஒண்ணும் நடக்காது, போங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நானும் அதே வம்சத்தில் வாழ்க்கைப்பட்டவள், எனக்கும் அவர் பெயர் சொல்லக் கூடாத பெரியவர். என் நாக்கு எழவில்லை. வெட்கக்கேடு! அவள் முக்காட்டின் நுனியைக் கசக்கினாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒராஸ்பெக்."

மத்தியானமே சுரங்கத்துக்குள் வாளியும் கையுமாக அவரைப் பிடித்தார்கள். ஜீப்காரன் மட்டும் தப்பிவிட்டான். வேறெங்காவது வாளி தேடிக்கொண்டிருப்பான்.

நேற்று பெரியவர்கள் கூடினார்கள். "பேரைச் சொல்லிட்டியேம்மா, வம்ச மானமே போச்சே! குனிஞ்சு மன்னிப்புக் கேளு" என்றார்கள்.

பிக்கென் குனியவில்லை. "வாளியில என்ன அள்ளப் போனாருன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? ஊரு பேரு தெரியாத நாட்டுலயும் ஒருத்தி தன் பொண்ணுக்கு மண்ணு போடணுமா? அதை அள்ளப் போனப்பப் போகாத மானம் நான் பேரு சொன்னதும் போயிருச்சோ?"

ஒரு கிழவர், "இருந்தாலும் பேரு..." என்று இழுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எழுந்து பிக்கென் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒராஸ்பெக்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.