கையில் நிற்காத கயிறு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை என்னிடம்தான் விட்டுச் செல்வார்கள். பிள்ளை மடுவத்துக்கு நான்தான் பொறுப்பு. கஹவத்தையில் பயிற்சி முடித்து, கை அளக்கும் நாடாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்று என் நடையே வேறு. பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட சின்ன நாடா. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றினால், பிள்ளை ஆபத்தான அளவுக்கு மெலிந்திருக்கிறதா என்று சொல்லிவிடும்.

மறுநாளே ஒரு வயதுக் குட்டி ஒருத்திக்கு அது சிவப்பைக் காட்டியது. திரும்ப அளந்தேன். சிவப்புதான். அவள் அழக்கூட இல்லை. சாயங்காலம் அழைத்துப்போக வந்த அம்மாவிடம், "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றேன். அவளுக்கு வந்ததே கோபம்!

"போன மாசம் மிஸ்ஸி நிறுத்துப் பார்த்து நல்லாருக்குன்னுதானே சொன்னாங்க? எம்புள்ளய பட்டினி போடுறேன்னு லயத்து வீடு பூரா சொல்லப் போறீங்களா அக்கா?"

மிஸ்ஸி எங்கள் மருத்துவிச்சி. அவர் நிறுத்துப் போனபின் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தது எனக்குத் தெரியும். எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். நுனி நாக்குவரை வந்ததை அன்று எப்படி விழுங்கினேனோ! பிள்ளையின் மேல்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு கண்ணில் பட்டது. முடிச்சுக்கு மேல் முடிச்சு.

"ஏன் இத்தனை முடிச்சு?"

"கயிறு நிக்க மாட்டேங்குது. முழங்கைக்கு எறங்கிருது. இறுக்கி இறுக்கிக் கட்டுறேன்."

"எப்ப இருந்து?"

"வயித்தால போனதுல இருந்து..."

பாதியில் நிறுத்திவிட்டாள். கயிற்றைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், ஓவென்று அழுதாள்.

"அழ நேரமில்ல தங்கச்சி, கெளம்பு."

த்ரீவீலில் நானும் ஏறினேன். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சிங்களத்தில் எடுத்துச் சொன்னேன். டொக்டர் தன் நாடாவால் அளந்தார். நான் சொன்ன அதே அளவு! அந்தக் கவலையிலும் எனக்குள் ஒரு பெருமை, மறைப்பானேன். பிள்ளையை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின்னும் அவர்கள் கொடுத்த சத்து பிஸ்கட்டைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்து ஊட்டினோம், வீட்டில் அவள், மடுவத்தில் நான். சில வாரம் கழித்து ஒரு காலையில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, கயிறு சதையில பதியுது! அவுத்து விடுங்க!"

நகத்துக்கு மசியாத முடிச்சு. பல்லால் கடிக்கக் குனிந்தேன். குட்டி என் கொண்டையை இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அம்மாடி, உயிர் போகிற வலி.

"இழுடி, என் ராசாத்தி," என்றேன். "இன்னும் நல்லா இழு!"