இடது முன்சில்லில் ஒரு சத்தம்

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது பசறை ரோட்டில், வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில். ஜீப்பின் முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். காலுக்குக் கீழே சக்கரத்துப் பக்கம் எங்கேயோ, அம்மியில் மணலைப் போட்டு அரைப்பது போல இருந்தது. வளைவு முடிந்து ரோடு நேரானதும் குறைந்துவிட்டது.

"ஏங்க, சில்லுல என்னமோ சத்தம் வருதே."

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார் என் கணவர்.

நான் தோட்டத்துப் பாடசாலை ஒன்றில் டீச்சர். அவர் இருபத்தைந்து வருசம் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்தை அரைக்கும் மெஷின்களுக்கு நடுவே நின்றவர். அந்த வேலையை விட்ட பிறகு இந்தப் பழைய ஃபோர் வீல் ஜீப்பை வாங்கினார். பஸ் போகாத மேல் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஆளையும் சாமானையும் ஏற்றிப் போவதுதான் இப்போது அவருடைய தொழில். வண்டியை யாரிடமும் கொடுக்கமாட்டார். சில்லைக் கழற்றி கிரீஸ் வைப்பதைக்கூட வீட்டு வாசலில் அவரே செய்வார். அதனால் அவர் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் சத்தம் வளர்ந்தது. என் நச்சரிப்புத் தாங்காமல் அவர் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டார். சத்தம் இடம் மாறவில்லை. பிறகொரு நாள் பிரேக் தகட்டுக்குள் சிக்கியிருந்த சின்னக் கல்லொன்றை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா, இதுதான் ஒன் சத்தம்." மறுநாள் காலையிலும் சத்தம் வந்தது. இன்னொரு தடவை சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். 

மூன்றாம் நாள் நேர் ரோட்டிலேயே சத்தம் வரத் தொடங்கியதும் பிடிவாதமாக அவரைப் பதுளைக்குக் கூட்டிப்போனேன். அங்கே எங்களுக்குத் தெரிந்த முஸ்லிம் மெக்கானிக் ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல எல்லாருக்கும் அவர் நானாதான்.

"சத்தம் எப்ப வருது தம்பி?" என்று நானா கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நானே சொன்னேன்.

"வேகம் கூடுனா கூடுது நானா. வலது பக்கம் திரும்புறப்ப ரொம்ப. நியூட்ரல்ல உருண்டாலும் நிக்கல."

"அப்ப இன்ஜினும் இல்ல, கியரும் இல்ல. வலது பக்கம் வெட்டுறப்ப பாரமெல்லாம் இடது சில்லுக்குத்தான் போகும். வாங்க, ஒருக்கா ஓட்டிப் பாப்போம்."

நானா ஓட்டினார். என் கணவர் அவருக்குப் பக்கத்தில், நான் பின்னால். வலது வளைவில் சத்தம் சீட்டு வரைக்கும் ஏறியது.

"இப்ப கேக்குதா தம்பி?"

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நான் பயத்தில் முகத்தைச் சுளித்திருந்தேன். "ஆமா, கேக்குது," என்றார்.

அடுத்து ஒரு இடது வளைவு. சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் என் பயம் அடங்கவில்லை.

"இப்ப?"

மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். "இப்பவும் கேக்குது நானா."

நானா கண்ணாடி வழியாக என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனுசன் காதால் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.

அதை யோசித்து முடிப்பதற்குள் கராஜுக்கு வந்துவிட்டோம். நானா ஜெக் வைத்து இடது முன்சில்லைத் தூக்கினார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து அசைத்தார். டக், டக் என்று சில்லு ஆடியது. நடுவில் இருந்த மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். சில்லைப் பிடித்து வைத்திருக்கும் பெரிய நட், ஸ்பேனரே போடாமல் அவருடைய இரண்டு விரலுக்குச் சுற்றி வந்தது.

"யா அல்லாஹ்," என்றார் மெதுவாக. "நட்டு கழலாம இருக்கத்தான் இந்த வாஷர மடிச்சு விடுறது. இது மடிக்கவே இல்லையே. கடைசியா யாரு கழட்டினது?"

அவருக்கு நேர் எதிரே நின்றிருந்த என் கணவருக்கு அது கேட்டது. "நான்தான்."

நானா சில்லை இழுத்து எடுத்தபோது உடைந்த பெயாரிங் துண்டுகள் கறுத்த கிரீஸோடு அவர் உள்ளங்கையில் விழுந்தன. "இன்னொரு எறக்கம் எறங்கியிருந்தா சில்லு தனியாப் போயிருக்கும்."

என் கணவர் கீழே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "பிரேக் ரெண்டு தடவ மிதிச்சாத்தான் பிடிச்சிச்சு. எண்ணெ கொறஞ்சிருச்சுன்னு ஊத்திக்கிட்டு இருந்தேன்," என்றார். பிறகு, "முந்தாநாத்து மேல் டிவிசன்ல இருந்து பிரசவ வலி வந்த பொண்ண இதுலதான் ஆஸ்பத்திரிக்கு எறக்குனேன்."

முந்தாநாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாள். ஜீப்பைப் பிடித்துக்கொண்டேன்.

நானா புது பெயாரிங் வாங்கப் போனார். என் கணவர் எழுந்துபோய் வாசலில் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். நான் அவருக்குப் பின்னால், நாலடி தூரத்தில் நின்று கூப்பிட்டேன். "என்னங்க." அவர் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"எத்தன நாளா?"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. "ரெண்டு வருசமா, கொஞ்சங் கொஞ்சமா. மொகத்தப் பாத்துப் பேசுனா வெளங்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"செவிட்டு டிரைவர்னு தெரிஞ்சா யாரு வண்டியில ஏறுவா?"

இந்த இரண்டு வருசமும் அடுப்படியில் இருந்து நான் கூப்பிட்டால் அவர் வரமாட்டார். கேட்டதற்குப் பதில் வராது. என் மேல் சலித்துப்போய்விட்டார் என்று முடிவு கட்டி, கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டேன். பண்டாரவளையில் இருக்கும் என் தங்கச்சியிடம் சொல்லி அழுதுகூட இருக்கிறேன். ஜீப்பின் சில்லு கத்துவதை அத்தனை கவனமாகக் கேட்டவள் நான். ஒரே வீட்டில் இருக்கும் மனுசனுக்குக் காது போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியவில்லை.

நானா புது பெயாரிங்கைப் போட்டு, வாஷரை மடித்து, மடித்த இடத்தை அவருடைய விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் தொட்டுப் பார்த்தார். சாவியை நானாவிடம் நீட்டி, "நீங்களே வீட்ல கொண்டுவந்து விட்டுருங்க நானா," என்றார். அன்றைக்குப் பிறகு ஜீப் வாசலிலேயே நின்றது.

அடுத்த கிழமை அவரைக் காது டொக்டரிடம் காட்டினோம். காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். வெகுநேரம் அவர் விரல் அசையவே இல்லை. ஃபெக்டரி இரைச்சலில் போன காது, இனித் திரும்பாது, காதில் மெஷின் வைத்தால் கேட்கும் என்றார் டொக்டர்.

அது கைக்கு வருமுன்பே அவர் மேல் டிவிசனுக்குப் போகவேண்டும் என்றார். நடந்தே போனோம். பிரசவ வலியோடு அவர் ஏற்றிப்போன பெண் லயத்து வாசலில் பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நட்டைச் சரியாகப் பூட்டாதது, சத்தம் கேட்காதது, எதையும் விடவில்லை. அவளுடைய மாமியார் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "மாதாவே" என்றாள். அந்தப் பெண் குனிந்து பிள்ளையைப் பார்த்தபடி ஏதோ சொன்னாள்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குக் கிட்டப் போய்க் குந்தினார்.

"எனக்குக் காது சரியாக் கேக்காதும்மா. இன்னொருக்கா சொல்லு."

அவள் நிமிர்ந்து, சத்தமாகச் சொன்னாள். "எனக்கும் ஒண்ணும் கேக்கலண்ணே. நான்தான் கீழ போய்ச் சேர்ற வரைக்கும் கத்திக்கிட்டே இருந்தேனே."