புண்ணுக்கு அளவு எடுத்தவர்

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதமே வீட்டில் அவருக்கு மரியாதை தீர்ந்துவிட்டது. நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரைபடம் வரைந்தவர். சும்மா இருக்க முடியாமல் சமையலறை டப்பாக்களை எல்லாம் உயர வரிசையில் அடுக்கிவைத்தார். உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று இரண்டு நாள் தேடிய மனைவி, ஆஸ்பத்திரியில் கிளார்க்காக இருந்த தன் தம்பிக்குப் போன் போட்டாள். "இந்த மனுஷனை எங்கேயாவது கொண்டுபோய் உட்கார வைடா."

தம்பி அன்று மாலையே வந்தான். "அத்தான், எங்க ஆஸ்பத்திரியில புண் ஆறுறதைப் பத்தி ஒரு ஆராய்ச்சி நடக்குது. புண்ணை அளக்க ஆள் வேணுமாம். கை சுத்தமா கோடு போடணும். மத்தபடி எதுவும் தெரிஞ்சிருக்கக் கூடாது. அதான் தகுதி."

"அப்படின்னா இவரை விட்டா ஆள் கிடைக்காது" என்றாள் அக்கா.

நம் உடம்பில் இருக்கும் செல்கள் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பைகளை உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதி அந்தப் பைக்குள் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்து, அவை உதிர்க்கும் பைகளைப் பிரித்தெடுத்து, களிம்பில் கலந்து ஆறாத புண்ணில் தடவினால், 'சீக்கிரம் தோலை மூடு' என்ற சேதி போய்ச் சேரும் என்பது ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டரின் நம்பிக்கை. பாதி நோயாளிகளுக்குப் பை கலந்த களிம்பு, மீதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்ற பட்டியல் ஓர் உறைக்குள் பூட்டிக் கிடந்தது. நோயாளிக்குத் தெரியாது, நர்ஸுக்குத் தெரியாது, அளப்பவருக்குத் தெரியாது. பெரிய டாக்டருக்கும் தெரியாதுதான். ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

லிஃப்டை ஒட்டிய அறையில் அளவுக்காரருக்கு ஒரு மேஜையும் மெத்தை வைத்த நாற்காலியும் கொடுத்தார்கள். நர்ஸ் கட்டைப் பிரித்துக் கழுவிய புண்ணின் மேல் கண்ணாடி போன்ற தாளை வைத்து, மெல்லிய பேனாவால் ஓரத்தைச் சுற்றி அவர் கோடு போடுவார். பிறகு அதைக் கட்டம் போட்ட தாளின் மேல் வைத்துக் கட்டங்களை எண்ணுவார். ஒரு காலத்தில் ஏரிக்கு எடுத்த அளவை இப்போது குதிகாலுக்கு எடுத்தார்.

வாரா வாரம் வந்தவர்களில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். குதிகாலில் பதினோரு மாதப் புண். "சார், எனக்கு எந்தக் களிம்புன்னு உங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கறீங்க."

"சத்தியமா தெரியாதுங்க."

"இவ்வளவு பெரிய கண்ணாடி போட்டிருக்கீங்க, தெரியாதா?"

இன்னொருவர் தையல்கார அம்மா. கணுக்காலுக்கு மேலே புண். காலைத் தொங்கப்போட்டு உட்காராதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காதவர். "என் களிம்பு தடவினா குறுகுறுங்குது, அப்படின்னா..." என்று அவர் ஆரம்பித்ததுமே அளவுக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வம்பைக் கேட்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அந்த ஆஸ்பத்திரியில் அவர்தான்.

ஆறாவது வாரம் டிரைவரின் புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. தையல்கார அம்மாவின் புண் நத்தை வேகத்தில் நகர்ந்தது. பெரிய டாக்டர் நாலு விருந்தினர்களை அழைத்துவந்து டிரைவரின் காலைக் காட்டினார். "பாருங்க, பை வேலை செய்யற அழகை!" அந்தப் பைகளைத் தன் சொந்தக் கையால் தைத்தவர் மாதிரி டிரைவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

விருந்தினர்கள் போனபின் டாக்டர் தனியாக வந்தார். கையில் டிரைவரின் தாள். "ஐயா, இந்த ஓரத்தைப் பாருங்க. புதுத் தோல் மாதிரி இல்ல? கோட்டை ரெண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போட்டா நல்லா இருக்குமே."

அளவுக்காரருக்கு அந்தக் குரல் பழக்கமானது. பக்கத்து நிலத்தைக் கொஞ்சம் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் இதே இனிப்போடுதான் பேசுவார்கள். அதற்கு மசியாததால் நாலு முறை ஊர் மாற்றல் வாங்கியவர் அவர்.

"புண்ணு எங்க முடியுதோ அங்கதான் சார் கோடு போட்டிருக்கேன்."

"உங்களுக்கு வைத்தியத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாது சார். அதனாலதான வேலைக்கு வச்சீங்க?"

மறுநாள் மெத்தை நாற்காலி போய், பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. வெளியே சிரித்துக்கொண்டாலும் அவருக்கு உள்ளுக்குள் பயம்தான். மறுபடி வீட்டில் டப்பா அடுக்க நேர்ந்துவிடுமோ? அன்று போட்ட முதல் கோடு அவருக்கே சரியாகப் படவில்லை. கிழித்துப்போட்டு வேறு தாள் எடுத்தார். அதன்பிறகு ஒவ்வொரு புண்ணையும் இரண்டு முறை அளந்தார்.

கடைசிப் புண்ணும் அளந்து முடிந்தபின் ஒரு நாள் எல்லாரையும் கூட்ட அறையில் உட்காரவைத்து உறையைப் பிரித்தார்கள். ஆராய்ச்சியின் புள்ளிவிவரம் பார்த்த பெண்தான் பட்டியலைப் படித்தாள். டிரைவருக்கு வெறும் களிம்பு. தையல்கார அம்மாவுக்குப் பை கலந்தது.

அன்றைக்கு டிரைவரின் கோட்டை உள்ளே தள்ளியிருந்தால் வெறும் களிம்புக்குத்தான் பெயர் கிடைத்திருக்கும்; டாக்டர் தன் மருந்துக்கே குழி பறித்திருப்பார்.

"ஆனா மொத்தமா பார்த்தா பை ஜெயிச்சிருக்கு சார். சராசரியா ஒன்பது நாள் முன்னாடியே புண் மூடியிருக்கு" என்றாள் அவள்.

"ஒன்பது நாள்தானா?" மாதக்கணக்கில் முன்னாடியே மூடும் என்று கனவு கண்ட டாக்டருக்கு முகம் தொங்கியது.

"வித்தியாசம் சின்னது சார். அளவு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்திருந்தா அதுவும் கண்ணுல பட்டிருக்காது."

டாக்டர் அளவுக்காரரைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். பிறகு எழுந்து, அளவு விஷயத்தில் தான் ஆரம்பத்திலிருந்தே எவ்வளவு கண்டிப்பாக இருந்தேன் என்று பத்து நிமிடம் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். அளவுக்காரரும் தட்டினார்.

அடுத்த வாரம் டிரைவர் விவரம் கேட்க வந்தார். அளவுக்காரர் சொன்னார். "வெறும் களிம்பா? டிப்போ முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே சார்!"

"நீங்க ரெண்டு மாசம் காலைத் தூக்கி வச்சு ஒழுங்கா உட்கார்ந்தீங்க. தினம் கட்டு மாத்தினீங்க. அதான் ஆறிடுச்சு."

"சும்மா உட்கார்ந்தே ஆறிடுச்சுன்னா எனக்கு என்ன மரியாதை? எங்க வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க சார், புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பினார்.