அப்பா ஜெபத்தில் இருக்கிறார்

பாஸ்டருக்கு மகளாகப் பிறந்தால் அப்பா ஊருக்கெல்லாம் கிடைப்பார், நமக்குத்தான் கிடைக்க மாட்டார். ஆவடியில் எங்கள் வீடு சபைக் கட்டடத்தின் பின்பக்கமே இருந்தது. புது பைக் வாங்கினாலும் ஜெபம், பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் ஜெபம். எல்லோரும் "ஒரு சின்ன ஜெபம் பாஸ்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது சின்னதாக முடிந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு வருடம் என் பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்பா வந்து சேர்ந்தபோது நான் வேஷத்தையே கலைத்துவிட்டிருந்தேன். சென்னீர்குப்பத்தில் யாரோ புது வீட்டில் பால் காய்ச்சினார்களாம்.

அடுத்த வருடம் வில்லுப்பாட்டில் எனக்கு 'ஆமா' போடும் வேலை. ஒரே வார்த்தைதான், ஆனால் அதை அப்பா கேட்டே ஆக வேண்டும். கிளம்பும் நேரத்தில் யாரும் வந்து தொலைக்கக் கூடாதே என்று அம்மா என்னை வாசலில் நிறுத்தினார்.

"யார் வந்தாலும் அப்பா ஜெபத்துல இருக்காருன்னு சொல்லு."

அப்பா உள்ளே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

சேக்காட்டிலிருந்து எங்கள் சபைக்கு வரும் சிஸ்டர் ஒருவர் வந்தார். கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தவர்.

"பாஸ்டரு ஊட்ல கீறாரா பாப்பா?"

"அப்பா ஜெபத்துல இருக்காரு."

குளிக்கிறார் என்று சொல்லியிருந்தால் போயிருப்பார். ஜெபம் என்றால் சபை மக்கள் போவார்களா? செருப்பைக் கழற்றினார், முக்காடு போட்டார். "அப்ப நானும் ஜெபம் பண்ணிகினு கீறேன்" என்று வாசலை அடைத்துக்கொண்டு முழங்காலிட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்கு இருந்ததே அந்த ஒரு வாசல்தான்.

அப்பா வந்து பார்த்தார். "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லியிருக்கலாம். இவரோ இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெகுநேரம் அந்த சிஸ்டர் முக்காட்டு நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டது இவ்வளவுதான்:

"நாளிக்கி காலைல எனக்கு ஒரு போன் பண்றீங்களா பாஸ்டரே?"

"பண்றேன்மா. கண்டிப்பா பண்றேன்."

அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றுப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, இரவு துணைக்கு இருக்கிறேன் என்று அவருடனே சேக்காட்டுக்குக் கிளம்பிவிட்டார். அப்பாதான் ஊருக்குச் சொந்தம் என்றால், இப்போது அம்மாவும் போயாயிற்று! நானும் அப்பாவும் போய்ச் சேர்ந்தபோது பள்ளியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் 'ஆமா'வை வேறொருத்தி போட்டிருந்தாள்.

திரும்பும் வழியெல்லாம் வண்டியின் பின்னாலிருந்து கத்தினேன். "அவங்க வீட்ல அலாரம் இல்லியா? ஆளை எழுப்பி விடறதுதான் பாஸ்டர் வேலையா?"

காலையில் நான் கண்விழித்தபோது அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்த சிஸ்டரை எழுப்பத்தான் அம்மா அங்கே பக்கத்திலேயே இருக்கிறாரே, இவர் வேறு எதற்கு என்று எனக்கு மறுபடியும் எரிச்சல் வந்தது. எதிர்முனையில் அந்த சிஸ்டரின் குரல் கேட்டதும், "பாஸ்டர்தான்மா பேசறேன்" என்றார். போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

விடியும்வரை உயிரோடு இருக்க ஏதாவது ஒரு பிடி கிடைக்காதா என்றுதான் அந்த சிஸ்டர் எங்கள் வாசலுக்கு வந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது. என் ஆண்டு விழாவை நினைத்துத்தான் அப்பா அழுகிறார் என்று எண்ணி, போனால் போகிறது என்று அவரை மன்னித்தேன்.